அங்குசத்துக்கு ஒரு லட்சமா?

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரிலிருந்து நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். மகளுக்கு பைலட் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கியது.

"அண்ணே, ஹெட்செட்டுன்னு ஒண்ணு வாங்கணுமாமே. நல்லது வாங்கினா ஒரு லட்சத்துக்கு மேல ஆகுமாம். வாங்கலைன்னா புள்ளைக்குக் காது போயிரும்ங்கறாங்க. நகையை அடகு வச்சதுல மிச்சம் அவ்வளவுதான் கையில இருக்கு. வாங்கிரவா?"

"யாருப்பா சொன்னது?"

"எல்லாரும்தாண்ணே சொல்றாங்க."

அந்த 'எல்லாரும்' யார் என்று எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடம் முன்னால் சேர்ந்த சீனியர்கள், நுழைவுக்குத் தயார் செய்யும் கோச்சிங் சென்டர்காரர்கள், விற்கிறவர்கள், "நான் வரும்போது வாங்கிட்டு வர்றேன்" என்கிற சிங்கப்பூர் மாமா. இவர்கள் ஒரே குரலில் சொல்வது இதுதான்: மாணவர் முதல் நாளே ஏ.என்.ஆர். ஹெட்செட் வாங்கிவிட வேண்டும். ஏ.என்.ஆர். என்றால் பேட்டரியில் இயங்கி இரைச்சலை அடக்கும் வகை. காதுக்குப் பாதுகாப்பு அதுதான், ரேடியோ தெளிவாகக் கேட்பதும் அதில்தான், வாழ்நாள் முழுக்க வரும் முதலீடும் அதுதான். தயங்கினால் கைவசம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: ஆனை வாங்குகிறவன் அங்குசத்துக்கு அழலாமா?

இந்தப் பேச்சை ஒவ்வொன்றாக மறுக்கவே இந்தக் கட்டுரை. அந்தக் கருவி மோசம் என்று நான் சொல்லப்போவதில்லை. அருமையான கருவி. ஆனால் முதல் நாள் மாணவருக்கான கருவி அல்ல.

காதிலிருந்தே தொடங்குவோம், பயமுறுத்தல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பயத்துக்கு அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்துக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். முழு விசையில் மேலே ஏறும்போது இன்னும் கூடும். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் கால் மணி நேரம்தான். இரைச்சலால் போன காது திரும்பி வராது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டம். ஸ, ஷ, ஃப மாதிரியான கூரிய ஒலிகளைப் பிரித்தறிய அந்தப் பகுதி தேவை. ரேடியோவில் பேசிப் பிழைக்கப்போகிறவருக்கு அது போனால் தொழிலே போனது மாதிரி. ஆகவே காதை மூடாமல் பறக்கலாம் என்று சொல்கிறவன் நான் இல்லை.

கேள்வி வேறு. காதைக் காப்பாற்ற ஒரு லட்சம் ரூபாய் வேண்டுமா?

பேட்டரி இல்லாத, இறுக்கி மூடும் பழைய வகை ஹெட்செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் தெரியும் அந்தப் பச்சை நிற டேவிட் கிளார்க் எச்10-13.4 ஓர் உதாரணம். அதன் இரைச்சல் குறைப்பு மதிப்பு 23 டெசிபல். ஆய்வுக்கூட எண்ணை அப்படியே நம்பக்கூடாது. காதுமூடி என்றால் கால் பங்கைத் தள்ளு என்கிறது நியோஷ். தள்ளினால் 17 சொச்சம். அளவு முறைகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு இன்னும் 7 கழிக்க வேண்டும். மிஞ்சுவது 10. விமானத்துக்குள் 95 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் காதுக்குள் போவது 85. அதாவது நாளுக்கு 8 மணி நேரம் தாங்கும் அளவு. மாணவர் பறப்பதோ ஒரு நாளைக்கு ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி. அதுவும் தினமும் இல்லை. மூடுபனி, மழை, விமானம் பழுதுபார்ப்பில், ஆசிரியருக்கு நேரமில்லை என்று வாரத்தில் பாதி நாள் தரையில்தான்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல கேள்வி கேட்கும். புரொப்பெல்லர் இரைச்சல் பெரும்பாலும் கனத்த, தாழ்ந்த ஒலி. அதைத் தடுப்பதில் சாதா ஹெட்செட் பலவீனமானது, உங்கள் கணக்கு அதைச் சொல்லவில்லையே?

உண்மைதான். மிருதங்கத்துக்குப் பேர்போன புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை மிருதங்கத்தைக் கொண்டே சொல்லலாம். தொப்பிப் பக்கம் எழுவது கனத்த நாதம். வலந்தலை தருவது கூரிய நாதம். இறுக்கி மூடும் ஹெட்செட் வலந்தலையை நன்றாக நிறுத்தும், தொப்பியை ஓரளவுதான் நிறுத்தும். ஏ.என்.ஆர். வகையில் காதுமூடிக்குள் ஒரு குட்டி மைக் இருக்கும். உள்ளே வரும் ஒலியை அது கேட்க, அதற்கு நேரெதிர் அலையைக் கருவி அனுப்பும், இரண்டும் மோதி அடங்கும். இந்த வித்தை தொப்பி நாதத்தில்தான் பலிக்கிறது. மேலே போகப் போகப் பலிப்பதில்லை. அங்கே அதுவும் சாதா ஹெட்செட்டைப் போல மூடித்தான் தடுக்க வேண்டும்.

சரி, தொப்பி நாதத்துக்குச் சாதா ஹெட்செட்காரர் என்ன செய்வது? மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பானை உருட்டிக் காதில் வைத்து, மேலே ஹெட்செட்டை மாட்டுவது. இரட்டைப் பாதுகாப்பு கூடுதலாக 5 டெசிபல் தரும் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். 85 இப்போது 80 ஆகிறது. ரேடியோ சத்தம் குறையுமே என்றால், ஹெட்செட்டிலும் இன்டர்காமிலும் அதற்குத் திருகு இருக்கிறது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு லட்ச ரூபாய் வாதத்தின் முதல் தூணை அசைக்க ஒரு ஜோடி காதடைப்பான் போதும்.

இன்னொன்றையும் விற்கிறவர்கள் சொல்வதில்லை. பெட்டியில் அச்சடிக்கும் அந்த இரைச்சல் குறைப்பு மதிப்பை அளக்கும் முறை, பேட்டரி இல்லாமல் மூடித் தடுப்பதை மட்டுமே அளக்கும். ஏ.என்.ஆர். செய்யும் வேலை அந்த எண்ணுக்குள் வராது. ஆக இரண்டு வகையையும் ஒரே எண்ணில் வைத்து ஒப்பிட முடியாது. "இது இத்தனை மடங்கு பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால், எதை எதோடு அளந்தீர்கள் என்று கேளுங்கள். பேட்டரி தீர்ந்த ஏ.என்.ஆர். வெறும் காதுமூடிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த வகையானாலும் காதைக் காப்பது காதைச் சுற்றிய மூடல். அது எங்கே கெடுகிறது? தடித்த கண்ணாடிக் காம்பில். தோட்டிலும் ஜிமிக்கியிலும். காதோரம் இறங்கும் பின்னலில். வருடக்கணக்கில் வியர்வை குடித்து இறுகிப்போன திண்டில். இந்த இடைவெளிகள் ஒரு லட்ச ரூபாய் ஹெட்செட்டிலும் இரைச்சலை உள்ளே விடும், சாதா ஹெட்செட்டிலும் விடும். மெல்லிய காம்புக் கண்ணாடியும் புதுத் திண்டும் தரும் பாதுகாப்பை பிராண்டு தராது.

காது, காது என்று பதறுகிறவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. திருச்சி–புதுக்கோட்டை தனியார் பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் குத்துப்பாட்டு. அது அடங்கினால் காதுக்குள் இயர்போன். சைலன்சரைக் கழற்றிய புல்லட். தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் வாடிவாசல் ஒலிபெருக்கிக்கு அடியில் அரை நாள். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே விடிய விடிய. இத்தனைக்கும் காதைத் திறந்து வைத்திருக்கிற பிள்ளை, விமானத்தில் ஏறும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லட்ச ரூபாய்க் காவல் போடுவது என்ன நியாயம்? காதடைப்பான் பாக்கெட்டில் இருக்கட்டும். பஸ்ஸிலும் உதவும்.

இரண்டாவது தூண் ரேடியோத் தெளிவு. "கன்ட்ரோல் டவர் சொல்றது ஒண்ணும் புரியலை, நல்ல ஹெட்செட் இருந்தா புரியும்" என்று மாணவர்கள் நம்புகிறார்கள். புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் காதில் இல்லை. கோபுரத்திலிருந்து வரும் வாக்கியம் ஓர் அச்சில் வார்த்தது: யாருக்கு, எந்த ஓடுபாதை, காற்று எந்தத் திசையில் எத்தனை நாட், உயரமானி அழுத்தம் எவ்வளவு. அந்த வரிசை மனத்தில் பதிந்தவருக்குக் கரகரப்பிலும் புரியும். பதியாதவருக்குக் கண்ணாடித் தெளிவில் சொன்னாலும் புரியாது. விமான ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வில் பேச வைத்துப் பார்ப்பது இதைத்தான். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தலையாய பாடம், இதற்கு உரக்கப் படித்துப் பழகுவதைத் தவிரக் கடையில் மருந்து இல்லை.

கேட்டதற்கும் புரிந்ததற்கும் இடையிலுள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. விசாரித்த லகோட்டி ஆணையம் முன் எழுந்த முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று, அந்த விமானக் குழுவின் ஆங்கில அறிவு. தரைக் கட்டுப்பாட்டாளரோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டியவர்கள் அவரை நம்பியிருந்தார்கள். காதில் விழுந்த எண் கைக்குப் போய்ச் சேரவில்லை. எந்த ஹெட்செட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

விமானியை ஆக்குவது ஹெட்செட் பிராண்டு இல்லை என்பதற்கு நம்ம ஊர் சங்கதி ஒன்று. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்தது. எரிபொருளைக் கரைத்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. அன்று டிவி முன்னால் உறைந்து உட்கார்ந்திருந்த வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் "நான் பைலட் ஆகப்போறேன்" என்று சொல்லியிருப்பார்கள். அவர்களில் யாரும் அந்த விமானிகள் மாட்டியிருந்த ஹெட்செட் என்ன கம்பெனி என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது தூண் 'வாழ்நாள் முதலீடு'. மாணவர் பயிலும் விமானத்தில் ஹெட்செட் வயர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஜாக்கில் போகும், ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. ஏர்பஸ்ஸில் ஐந்து முனை எக்ஸ்.எல்.ஆர். ஜாக். ஹெலிகாப்டருக்கு ஒற்றை ஜாக். அடாப்டர் போடலாம், சில மாடல்களில் வயரையே மாற்றலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெட் விமானத்தின் விமானி அறைச் சத்தம் பயிற்சி விமானத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில்கூட வராது. அங்கே பலர் மாட்டுவது காதின் மேல் லேசாக உட்காரும் எடை குறைந்த ஹெட்செட்டை. மாட்டுவண்டிக்குச் செய்த நுகத்தடியை டிராக்டருக்கும் ஆகும் என்று விற்கிற கதை இது. அதிலும், வேலை கிடைப்பதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். வாழ்நாள் முழுக்க ஒரே மாடல் நிற்பதும் இல்லை. போஸ் கம்பெனியின் ஏ.என்.ஆர். ஹெட்செட்டான ஏ20 வந்தது 2010இல். ஏ30 வந்தது 2023இல்.

போஸ் பேர் வந்துவிட்டதால் அந்தக் கருவியின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், அது என் வாதத்துக்கே சாட்சி. வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் எரிச்சலாகி, அந்தப் பயணத்திலேயே காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். 1986இல் வாயேஜர் விமானம் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றியபோது, அதிலிருந்த டிக் ரூட்டன், ஜீனா யேகர் இருவரும் போஸ் தந்த முன்மாதிரி ஹெட்செட்டை மாட்டியிருந்தார்கள். விற்பனைக்கு வந்தது 1989இல். ஒன்பது நாள் ஓயாத இரைச்சலில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இருவர். அவர்களுக்கு அது வரம். ஒரு மணி நேரம் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறங்கப் பழகும் மாணவருக்கு அதே மருந்து எதற்கு?

அதனால்தான் சொல்கிறேன், அது ஆசிரியரின் கருவி. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம், வருடக்கணக்கில் அந்த இருக்கையில் உட்காரும் பயிற்றுநர் கட்டாயம் வாங்கட்டும். தாழ்ந்த இரைச்சல் தரும் சோர்வு உண்மையான சங்கதி, மணிக்கணக்கு கூடக்கூட அது உறைக்கும். மாணவருக்கும் அந்தக் கட்டம் வரும். வணிக விமானி உரிமத்துக்கு 300 கடல்மைல் நெடுந்தூரப் பறப்பு உண்டு. செஸ்னா 152 வேகத்தில் மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அதற்கு நண்பரிடம் இரவல் வாங்கலாம். பயிற்சி முடித்துப் போகிறவர் விற்கும் பழையதைப் பாதி வழியில் வாங்கலாம். முதல் நாளே ஏன்?

முதல் நாளில் என்ன நடக்கிறது தெரியுமா? எங்கள் மாவட்டத்தில் பயிற்சிப் பள்ளி கிடையாது. உத்தரப்பிரதேசத்து ஃபுர்சத்கஞ்சுக்கோ மகாராஷ்டிரத்துக் கோண்டியாவுக்கோ ரயிலேறிப் போக வேண்டும். போன கையோடு வானம் கிடைக்காது. வகுப்பறைதான். வழிநடத்தல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுத் தாள்கள். மாதக்கணக்கில் அந்த லட்ச ரூபாய் ஹெட்செட் விடுதிப் பெட்டியில் படுத்திருக்கும். உத்தரவாதக் காலம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஆனைக்கும் அங்குசத்துக்கும் வருவோம். "அரைக்கோடி செலவு பண்றீங்க, இதுல ஒரு லட்சம் என்ன?" இது கல்யாண மண்டபத்துக் கணக்கு. இவ்வளவு செலவாச்சு, ஐஸ்கிரீம் ஸ்டால் வச்சா என்ன என்று ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் நிலத்தை விற்கும் கணக்கு. பைலட் படிப்பில் ஆனையை யாரும் முழுசாக விலைபேசி வாங்குவதில்லை, மணி மணியாகத்தான் வாங்குகிறார்கள். உரிமத்துக்கு 200 மணி நேரம். ஒரு மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அதைவிட வெகுவாக ஏறும் இடங்களும் உண்டு. ஏ30 அறிமுகமானபோது அதன் அமெரிக்க விலை 1,300 டாலர் அளவில் இருந்தது. சாதா டேவிட் கிளார்க் அதில் மூன்றில் ஒரு பங்கு. வித்தியாசத்தை ரூபாயாக்கினால் ஐந்தாறு மணி நேரப் பறப்பு. ஒரு பரீட்சைப் பறப்பில் தவறி மறுபடி பறக்க வேண்டிவந்தால், கூடுதல் பாடம் தேவைப்பட்டால், அந்த ஐந்து மணி நேரக் காசு கையில் இல்லாமல் ஊருக்குத் திரும்பும் நிலை எவ்வளவு கொடுமை! ஆனையின் ஒரு காலை விற்று அங்குசத்துக்குத் தங்கப்பூண் போடுவதா?

என் பக்கம் நின்று சிலர் சொல்லும் ஒரு வாதத்தை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "ஏ.என்.ஆர். போட்டால் எஞ்சின் கோளாறுச் சத்தமும், விமானம் விழப்போகும் எச்சரிக்கை ஊதலும் கேட்காது" என்கிறார்கள். செஸ்னாவின் அந்த ஊதல் கீச்சென்ற மேல் ஒலி. ஏ.என்.ஆர். அடக்குவது கீழ் ஒலியைத்தான். எஞ்சின் தடுமாறினால் அதிர்விலும் தெரியும், மானியிலும் தெரியும். நல்ல பக்கத்துக்கு நொண்டி வாதம் வேண்டாம்.

எதிர்முனையில் நிற்கும் கஞ்சத்தனத்தையும் ஆதரிக்கவில்லை. "பள்ளியிலே கிடக்கும் பழைய ஹெட்செட்டே போதும்" என்பது தவறு. பத்துப் பேர் வியர்வை ஊறிய திண்டைக் காதில் வைத்தால் காதுப்புண் வரலாம். இறுகிய திண்டு இரைச்சலையும் விடும். கம்ப்யூட்டர் விளையாட்டு ஹெட்செட்டுக்கு அடாப்டர் போடலாம் என்பதும் வேண்டாத வேலை. சொந்த ஹெட்செட் வேண்டும். அது நியாயமான விலையில் இருக்க வேண்டும்.

நண்பருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பள்ளி விமானத்தில் எந்த ஜாக் என்று முதலில் கேளுங்கள். வாங்குமுன் ஒரு மணி நேரம் தலையில் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் சுகமாக இருப்பது அரை மணியில் உச்சந்தலையைக் குடையும். மகள் கண்ணாடி போடுபவள் என்றால் கண்ணாடியோடு, பின்னலோடு பார்க்கட்டும். ஜெல் திண்டு, தனியாக வாங்கி மாற்றக்கூடிய திண்டு, வியர்வை உறிஞ்சும் துணியுறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டீரியோ, மோனோ மாற்றும் பித்தான் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். தவறான பக்கம் கிடந்தால் ஒரு காதில் மட்டுமே கேட்டு, கெட்டுப்போச்சு என்று கலங்குவீர்கள். மைக் உதட்டை ஒட்டினாற்போல், பஞ்சுறையோடு இருக்கட்டும். பழையது வாங்கினால் ஜாக் பக்கத்து வயரை வளைத்து வளைத்துக் கேளுங்கள், கரகரத்தால் விட்டுவிடுங்கள். மருத்துவத் தகுதிக்கு எடுக்கும் காது சோதனை வரைபடத்தின் நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குக் காது குறைந்ததா இல்லையா என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

நண்பர் கடைசியில் பழைய சாதா ஹெட்செட் ஒன்றைப் புதுத் திண்டு போட்டு வாங்கினார், கூடவே ஒரு டப்பா காதடைப்பான். மீதிப் பணம் மகள் பேரில் வங்கியில் கிடக்கிறது. அது ஐந்து மணி நேர வானம்.